டிவி கம்பெனி போன் விற்க வந்தால் உள்ளே நடப்பது என்ன?

போன மாதம் பெரியப்பாவுக்கு வாஷிங் மெஷின் எடுக்க மார்த்தாண்டம் போயிருந்தோம். மேம்பாலத்துக்குக் கீழே, எப்போதும் போகிற கடை. விலை பேசி முடித்து பில் போடும் நேரத்தில் கடைப் பையன் ஒரு செய்தி சொன்னான். “நீங்க எடுத்த இதே கம்பெனி போனும் கொண்டுவரப் போவுதாம் சார். அடுத்த வருஷம் நம்ம கடைக்கே வரும்.”

பெரியப்பாவுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. “டிவி செய்யுதவனுக்கு போன் செய்யுதது ஒரு காரியமா மக்ளே? டிவியைச் சின்னதாக்கினா போன், அவ்வளவுதான்” என்றார். கூட வந்த தங்கை விடவில்லை. “அது எப்படிப் பெரியப்பா? போனுக்குத் தனி ஃபேக்டரி கட்டணும், சிப் செய்யணும், பத்து வருஷம் ஆவும். இவங்களால முடியாது.”

இந்த இரண்டு பேச்சையும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி போன் தொழிலுக்கு வரப்போகிறது என்று செய்தி வந்தாலே ஊர் இப்படித்தான் இரண்டாகப் பிரியும். இரண்டுமே சரியில்லை. கையில் பணமும் ஏற்கெனவே ஓடுகிற வியாபாரமும் உள்ள கம்பெனி, தன் பெயர் போட்ட ஒரு போனைக் கடையில் கொண்டு வைப்பது இன்று அவ்வளவு கஷ்டம் இல்லை. கஷ்டம் அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. அது என்ன கஷ்டம் என்று புரிந்தால்தான், இந்த மாதிரிச் செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியும்.

தேன் பாட்டிலில் ஒட்டிய பெயர்

நம் ஊர்த் தேனிலிருந்து தொடங்கலாம். ரப்பர் மரம் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் இனிப்பு நீர் கசியும். அந்தக் காலத்தைப் பார்த்து குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் தேன் பெட்டிகளைக் கொண்டு வைப்பார்கள். தோட்டம் ஒருவருடையது, பெட்டி இன்னொருவருடையது. தேனை மொத்தமாக எடுத்து வடிகட்டிப் பாட்டிலில் அடைப்பவர் மூன்றாவது ஆள். பாட்டிலில் ஒட்டியிருக்கும் பெயர் நான்காவது ஆளுடையதாகக்கூட இருக்கலாம். அந்த நான்காவது ஆள் ஒரு தேனீகூட வளர்த்திருக்க மாட்டார். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தேன் நல்லதா என்று பார்த்து வாங்குவது, கடை கடையாகக் கொண்டு சேர்ப்பது, குறை சொன்னால் திரும்ப எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நாம் காசு கொடுப்பது அந்தப் பெயரை நம்பித்தான்.

போனும் ஏறக்குறைய இப்படித்தான். பெட்டியின் மேல் இருக்கும் பெயரை பிராண்டு என்கிறோம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்களில் பலருக்குச் சொந்தமாக போன் ஃபேக்டரி கிடையாது. வேறொரு கம்பெனியிடம் கூலி பேசிச் செய்து வாங்குகிறார்கள். இதற்கு ஒப்பந்த உற்பத்தி என்று பெயர். ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கான் செய்வது இந்த வேலைதான். அங்கே ஐபோன் பொருத்தப்படுகிறது, ஆனால் ஃபேக்டரி ஆப்பிளுடையது இல்லை. நொய்டாவைச் சேர்ந்த டிக்சன் என்ற இந்தியக் கம்பெனி பல பிராண்டுகளுக்கு டிவியும் செய்து தருகிறது, போனும் செய்து தருகிறது. பெரியப்பா இதைக் கேட்டால் “நான் சொன்னது சரிதானே” என்பார். பாதி சரி.

ஆப்பிளின் கதையே தங்கையின் வாதத்துக்கு நல்ல பதில். 2007-ல் முதல் ஐபோன் வந்தபோது அதுவரை ஆப்பிள் கம்ப்யூட்டரும் பாட்டுக் கேட்கும் ஐபாடும் விற்ற கம்பெனி. அந்த முதல் போனின் மூளையான சிப்பைச் செய்து கொடுத்தது சாம்சங். டவரோடு பேசும் சிப் ஜெர்மனியின் இன்பினியான் கம்பெனியுடையது. பொருத்திக் கொடுத்தது பாக்ஸ்கான். தன் பெயரில் தானே வடிவமைத்த ‘ஏ4’ சிப்பை ஆப்பிள் ஐபோனில் வைத்தது 2010-ல்தான். அதாவது உலகத்தையே மாற்றிய போனும் அடுத்தவர் ஃபேக்டரியில், அடுத்தவர் சிப்பில்தான் பிறந்தது. ஆப்பிள் தன் கையில் வைத்துக்கொண்டது வடிவமைப்பையும் மென்பொருளையும்.

அந்த வடிவமைப்பையும்கூட விலைக்கு வாங்கலாம். சீனாவில் ஹுவாச்சின், லாங்சியர், விங்டெக் போன்ற கம்பெனிகள் போனை முழுதாக வடிவமைத்து, செய்து, கேட்பவர் பெயரை அச்சடித்துக் கொடுத்து வளர்ந்தவை. இப்படி டிசைனும் சேர்த்துச் செய்து தருபவரைத் தொழிலில் ஓடிஎம் என்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் ஆள் எண்ணிக்கை மட்டும் சொல்லி, சாமான் லிஸ்ட் முதல் பந்தி வரை அவரிடமே விடுவது போல. புதிதாக போன் விற்க வரும் கம்பெனிக்கு இதுதான் சுலபமான வாசல்.

இன்னொரு வாசலும் உண்டு. பெயரை மட்டும் வாடகைக்கு விடுவது. இன்று இந்தியாவில் கோடாக் என்ற பெயரில் டிவி விற்பது அந்தப் பழைய பிலிம் கம்பெனி அல்ல. உரிமம் வாங்கிய ஒரு இந்தியக் கம்பெனி. 2016-க்குப் பிறகு நோக்கியா பெயரில் வந்த போன்களைச் செய்தது எச்எம்டி குளோபல் என்ற வேறொரு கம்பெனி. பெயர் பழகியதாக இருக்கிறது என்பதால் உள்ளே இருப்பவர் பழைய ஆள் என்று ஆகிவிடாது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: போன் விற்க ஃபேக்டரி தேவையில்லை, சிப் செய்யவும் தேவையில்லை. செய்து தர ஆள் இருக்கிறது. பிராண்டு கொண்டுவர வேண்டியது பணம், விற்கும் வழி, பொறுப்பு.

களியக்காவிளையைத் தாண்டும்போது

சரி, அப்படியென்றால் டிவியைச் சின்னதாக்கினால் போன்தானா? ஒற்றுமைகள் நிறைய. இரண்டிலும் திரை இருக்கிறது, சிப் இருக்கிறது, ஆண்ட்ராய்டு இருக்கிறது. தைவானின் மீடியாடெக் கம்பெனி டிவிக்கும் சிப் செய்கிறது, போனுக்கும் சிப் செய்கிறது.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் போனில் பேசிக்கொண்டே போய்ப் பாருங்கள். வடசேரியில் ஒரு டவரோடு பேச ஆரம்பித்த போன், தக்கலை போவதற்குள் பல டவர்களுக்குக் கை மாறியிருக்கும். உங்கள் பேச்சு அறுந்திருக்காது. களியக்காவிளையில் போன் கம்பெனிகளின் தமிழ்நாட்டு வட்டம் முடிந்து கேரள வட்டம் ஆரம்பிக்கிறது. எல்லையோரத்தில் வீடு உள்ளவர்களுக்குத் தெரியும், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே போன் ஒரு அறையில் தமிழ்நாட்டு டவரையும் அடுத்த அறையில் கேரள டவரையும் பிடிக்கும். பேச்சிப்பாறைப் பக்கம் மலையேறினால் தூரத்தில் இருக்கும் ஒரே டவரின் மெல்லிய சிக்னலைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு மோடம் என்று பெயர். டவரின் ரேடியோ அலையைப் பேச்சாகவும் படமாகவும் மாற்றுவது, நம் பேச்சைத் திரும்ப அலையாக்கி அனுப்புவது அதன் வேலை. டிவியில் இது கிடையாது. டிவி சுவரில் தொங்குகிறது, கரண்ட் கம்பியில் வருகிறது, வீட்டு வைஃபை பக்கத்திலேயே இருக்கிறது. போன் சட்டைப் பையில் வியர்வையோடும் கடற்கரை உப்புக்காற்றோடும் கிடந்து, ஒரு சின்ன பேட்டரியில் நாள் முழுக்க ஓட வேண்டும். அதற்குள் 2ஜி முதல் 5ஜி வரை வேறு வேறு அலைவரிசைகளில் கேட்கவும் பேசவும் வேண்டும். ஆன்டெனாவை எங்கே வைப்பது, கை அதை மறைத்தால் சிக்னல் போகுமா, சூடு எந்தப் பக்கம் வெளியேறும் என்பதெல்லாம் டிவி இன்ஜினியர் யோசித்தே இராத கேள்விகள்.

மோடத்தையும் மூளைச் சிப்பையும் பெரும்பாலும் ஒரே தொகுப்பாகச் செய்து விற்கிறார்கள். அதுதான் சிப்செட். குவால்காம், மீடியாடெக் என்று பெட்டியில் படிப்பது அதைச் செய்தவர் பெயர். உலகில் மோடம் செய்யத் தெரிந்த கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் புதிதாக வருபவரும் இவர்களிடம்தான் போக வேண்டும். மாதம் கோடிக்கணக்கில் வாங்கும் பெரிய பிராண்டுகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்பார்கள். அடிப்படை ஆண்ட்ராய்டு அப்படித்தான். ஆனால் பிளே ஸ்டோரும் மேப்பும் யூடியூபும் அதோடு சேர்ந்தவை அல்ல. அவை வேண்டுமென்றால் கூகுளோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் வைக்கும் சோதனைகளில் போன் தேற வேண்டும். 2019-ல் அமெரிக்க அரசின் தடையால் ஹுவாவேயின் புதுப் போன்களுக்கு இந்த ஒப்பந்தம் இல்லாமல் போனது. அருமையான கேமரா வைத்திருந்தும் சீனாவுக்கு வெளியே அந்த போன்களை வாங்க ஆள் குறைந்தார்கள்.

வழி இல்லாத விளை

அடுத்தது காப்புரிமை. இதைப் பலர் பேசுவதே இல்லை. ஆனால் புதிதாக வருபவரை முதலில் தடுக்கும் கல் இதுதான்.

நம் குமரி மாவட்டத்தில் விளை, அதாவது தோட்ட நிலம், வாங்குபவர் முதலில் கேட்பது “வழி உண்டா?” என்பதைத்தான். நல்ல மண், கிணறு, காய்க்கிற தென்னை எல்லாம் இருக்கலாம். ரோட்டுக்கு வர அடுத்தவர் நிலத்தை மிதித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அந்த வழிக்கு எழுத்தும் பணமும் தேவை. போனுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. டவரோடு பேச எல்லா போன்களும் ஒரே முறையைத்தான் பின்பற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரு கம்பெனி போன் இன்னொரு கம்பெனி டவரோடு பேசாது. அந்தப் பொதுமுறைக்குத் தரநிலை என்று பெயர். 4ஜி, 5ஜி எல்லாம் தரநிலைகள். அவற்றுக்குள் எரிக்சன், குவால்காம், நோக்கியா போன்றவர்கள் பல வருஷ ஆராய்ச்சியில் கண்டுபிடித்த நுட்பங்கள் பதிந்து கிடக்கின்றன. அவற்றைத் தொடாமல் 4ஜி போன் செய்யவே முடியாது. இப்படி விலக முடியாத காப்புரிமையைத் தரநிலைக் காப்புரிமை என்கிறார்கள். நிலக்காரர் வழி விட மாட்டேன் என்று மறுக்கக் கூடாது. எல்லோருக்கும் நியாயமான கட்டணத்தில் விட வேண்டும் என்பது ஒப்புக்கொண்ட விதி. எது நியாயம் என்பதில்தான் சண்டை.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2013-ல் எரிக்சன், இந்திய போன் கம்பெனியான மைக்ரோமேக்ஸ் மீது இந்தக் காப்புரிமைக்காக டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2014 டிசம்பரில் எரிக்சனின் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம், ரெட்மி போன் விற்கும் சீனக் கம்பெனியான ஷாவ்மியின் போன்களை இந்தியாவில் விற்க இடைக்காலத் தடை விதித்தது. ஷாவ்மி இந்தியாவுக்கு வந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. குவால்காம் சிப் போட்ட போன்களை மட்டும் விற்கலாம் என்று தடை பிறகு தளர்ந்தது. போன் கையில் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, ஆனாலும் விற்க வழி இல்லை.

இது தவிர அரசுக் கதவுகள் சில உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸில் பதிவு வேண்டும். டிவிக்கும் இது கட்டாயம் என்பதால் டிவி கம்பெனிக்குப் பழகிய கதவு. உடம்பு எவ்வளவு ரேடியோ அலையை உறிஞ்சுகிறது என்பதற்கு அளவு உண்டு. இந்தியாவில் ஒரு கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது. உங்கள் போனில் *#07# அழுத்தினால் அந்த எண்ணைப் பார்க்கலாம். *#06# அழுத்தினால் வருவது ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண். அதன் முதல் 8 இலக்கம் மாடலைச் சொல்லும். போன் தொலைந்தால் இந்த எண்ணை வைத்துத்தான் முடக்குகிறார்கள், அதனால் அதை எழுதி வையுங்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆக, டிவி கம்பெனிக்குத் தெரிந்த வேலை பாதி. தெரியாத பாதி ரேடியோவும், அதைச் சுற்றியுள்ள காப்புரிமையும். இரண்டையும் பணம் கொடுத்து வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு போனின் விலையிலும் அது ஏறும்.

ஆழ்கடலுக்குப் போகிற செலவு

இப்போது கணக்குக்கு வருவோம். தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். ஒரு போட்டு கிளம்பும் முன்பே டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர், தூண்டிலுக்கு இரை என்று பெரிய தொகை கரையில் இறங்கிவிடும். மீன்பாடு ஒரு டன் ஆனாலும் பத்து டன் ஆனாலும் அந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கரையோரத்தில் வள்ளத்தில் போய்க் காலையில் வலை போட்டு மதியம் திரும்புகிறவருக்கு இந்தக் கவலை இவ்வளவு இல்லை.

போன் ஆழ்கடல் தொழில். ஒரு மாடலை வடிவமைத்துச் சோதித்து, அச்சு செய்து, சான்றிதழ் வாங்கி, விளம்பரம் கொடுத்து, சர்வீஸ் சென்டர்களில் ஸ்பேர் நிரப்புவதற்கு ஆகும் செலவு, ஒரு லட்சம் போன் விற்றாலும் ஒரு கோடி விற்றாலும் அதிகம் மாறாது. ஒரு கோடியில் பங்கு போட்டால் ஒரு போனுக்குச் சில ரூபாய். ஒரு லட்சத்தில் பங்கு போட்டால் போனின் லாபத்தையே அது விழுங்கிவிடும். திரையும் மெமரியும் அதிகம் வாங்குபவருக்கு மலிவு, குறைய வாங்குபவருக்கு விலை கூடுதல். விற்பனை குறைந்தால் செலவு கூடும், செலவு கூடினால் விலை கூடும், விலை கூடினால் விற்பனை இன்னும் குறையும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் சின்னக் கம்பெனிகள் மட்டும் இல்லை.

எல்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எல்ஜி டிவியோ ஃபிரிட்ஜோ இல்லாத தெரு குறைவு. 2013-ல் ஸ்மார்ட்போனில் சாம்சங், ஆப்பிளுக்கு அடுத்து உலகில் மூன்றாவது இடம்வரை வந்த கம்பெனி. கேமராவில் அகலக் கோணம் போன்ற பல விஷயங்களை மற்றவர்களுக்கு முன்பே செய்தவர்கள். 2020-ல் எல்ஜி அனுப்பியது சுமார் 2.3 கோடி போன்; சாம்சங் அனுப்பியது சுமார் 25.6 கோடி. ஆறு வருஷம் போல் தொடர்ந்த நஷ்டம், கிட்டத்தட்ட 450 கோடி டாலர். 2021 ஏப்ரல் 5 அன்று போன் தொழிலையே விட்டுவிடுவதாக அறிவித்தார்கள். டிவியில் இன்றும் முன்னணியில் இருக்கிறார்கள். டிவியில் ஜெயிப்பது ஒன்று, போனில் ஜெயிப்பது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2014-ல் அமேசான் ஒரு போன் கொண்டுவந்தது. உலகத்தின் மிகப் பெரிய கடைகளில் ஒன்று அவர்களுடையது, விற்பதற்குத் தனி வழி தேவையில்லை. ஜூலையில் விற்பனைக்கு வந்தது, செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 99 சென்டுக்கு இறங்கியது. அந்த வருஷமே 17 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள், அடுத்த வருஷம் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் டிவி விற்ற வீடியோகான் 2009-ல் போனுக்கு வந்தது. அந்தக் குழுமமே 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

ஜெயித்தவர்களும் உண்டு. இன்று போனில் முதல் வரிசையில் நிற்கும் சாம்சங் எலக்ட்ரானிக்ஸும் கருப்பு வெள்ளை டிவியில் ஆரம்பித்த கம்பெனிதான். முதல் கைபேசியை 1988-ல் செய்தார்கள். அது சரியில்லை, அடுத்து வந்தவையும் சுமார்தான். 1995-ல் தலைவர் லீ குன் ஹீ, தென் கொரியாவின் குமி ஊரில் உள்ள ஃபேக்டரி முற்றத்தில் பழுதான கைபேசிகள் உட்படச் சுமார் 1.5 லட்சம் கருவிகளைக் குவித்து, தொழிலாளர்கள் கண் முன்னால் கொளுத்த வைத்தார். முதல் கைபேசி வந்து அப்போது ஏழு வருஷம். அதற்குப் பிறகும் பல வருஷம் ஆனது இந்த நிலைக்கு வர. அவ்வளவு நாள் பொறுத்து நிற்க டிவியும் மெமரி சிப்பும் பின்னால் சம்பாதித்துக் கொடுத்தன.

பிறகு ஏன் வருகிறார்கள்?

இவ்வளவு ஆபத்து என்றால் ஏன் வர வேண்டும்? ஒரு வீட்டில் டிவி மாற்ற ஏழெட்டு வருஷம் ஆகும். ஃபிரிட்ஜ் அதையும் தாண்டும். போன் அப்படியில்லை, அதுவும் வீட்டில் ஆளுக்கு ஒன்று. வீட்டில் யாராவது ஒருவர் அடிக்கடி திரும்பக் கடைக்கு வரும் பொருள் இது. தவிர, ஊர் ஊராக டீலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. இப்போது ஏசியும் வாஷிங் மெஷினும் வாசல் கேமராவும் போனில் இருந்துதான் இயங்குகின்றன. போன் யாருடையதோ, வீட்டின் சாவி அவரிடம். போன் விற்றவர்கள் இந்த வழியாகத்தான் டிவிக்குள் நுழைந்தார்கள். ஷாவ்மி 2018-ல் இந்தியாவில் டிவி கொண்டுவந்தது, ஒன்பிளஸ் 2019-ல். தன் இடத்துக்குள் போன்காரர் வந்துவிட்டார் என்று பார்க்கும் டிவி கம்பெனிக்கு, திரும்ப அவர் இடத்துக்குள் போகத் தோன்றுவது இயல்பு. 2018-லேயே ஷாவ்மி, தன் கருவிகளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டேன் என்று அறிவித்தது. அதற்கு எதிரில் கடை போடுபவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சின்னதாக வந்து பிடித்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். 2020-ல் கார்ல் பெய் என்பவர் தொடங்கிய ‘நத்திங்’ என்ற கம்பெனி முதலில் விற்றது காதில் மாட்டும் இயர்பட்ஸ். 2022 ஜூலையில்தான் முதல் போன். எல்லோருக்கும் எல்லா விலையிலும் விற்கப் போகாமல், பார்த்தவுடன் அடையாளம் தெரியும் ஒரே ஒரு மாடலோடு வந்தார்கள். எனக்கு இந்த வழிதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

வடசேரியில் ஒரு மேஜை

வாங்குபவர் பக்கம் இதெல்லாம் எப்படி வந்து விழும் என்பதை என் மச்சான் வீட்டில் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன்பு அவர் ஒரு வீட்டு உபயோகப் பொருள் பிராண்டின் போனை வாங்கினார். வீட்டில் அதே பிராண்டு டிவி எட்டு வருஷமாகக் கோளாறு இல்லாமல் ஓடுகிறது, அந்த நம்பிக்கை. பதினான்காவது மாதம் பைக்கில் இருந்து இறங்கும்போது போன் விழுந்து திரை விரிந்தது. காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நாகர்கோவில் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். போன் கவுண்டரே அங்கே இல்லை. “போனை நிறுத்தியாச்சு சார், இப்போ டிவி, ஃபிரிட்ஜ் மட்டும்தான்” என்றார்கள்.

அங்கிருந்து வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரிப்பேர் கடை. கடைக்காரத் தம்பி போனைச் சூட்டுத் தட்டில் வைத்துப் பசையை இளக்கினார். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகிக் கண்ணாடியைத் தூக்கினார். திரையில் இருந்து மெயின் போர்டுக்கு ஒரு ரிப்பன் போகும், அதன் நுனியில் அரிசிமணி நீளத்தில் ஒரு கனெக்டர். டிராயரில் இருந்து அதே அளவுள்ள மூன்று டிஸ்ப்ளே எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இரண்டில் கண்ணாடி அப்படியே உட்கார்ந்தது. ஆனால் ஒன்றில் ரிப்பன் இடப்பக்கம் வந்தது, இன்னொன்றில் கனெக்டர் குட்டையாக இருந்தது. “கண்ணாடி பொருந்துது அண்ணா, வாய் பொருந்தல” என்று மூன்றையும் திரும்ப உள்ளே வைத்தார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். “அதிகம் ஓடுற மாடலுக்கு நான் பத்து டிஸ்ப்ளே எடுத்து வச்சிருப்பேன், தினமும் ஒருத்தராவது வருவாங்க. இதுக்கு ஒண்ணு எடுத்தா அது இங்கேயே கிடக்கும்.” கம்பெனிக்கு வந்த அதே சுழல் அவர் டிராயர் வரைக்கும் வந்திருந்தது. விற்பனை குறைந்த போனுக்கு வெளியிலும் ஸ்பேர் கிடைக்காது.

டிவி விற்பவர் பழகிய சர்வீஸ், வீட்டுக்கு ஆள் அனுப்பும் சர்வீஸ். வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால் போதும். போன் கையோடு இருப்பது, விழுந்த அன்றே சரியாக வேண்டும். அதோடு, டிவியைவிட போனில் பணமும் பாங்குக் கணக்கும் அதிகம் கிடக்கின்றன. அதனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மாதா மாதம் போல வந்துகொண்டே இருக்க வேண்டும். கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24-க்கும் ஏழு வருஷ அப்டேட் தருவதாகச் சொன்னார்கள். எல்ஜி கடையைக் கட்டிய பிறகும் சில போன்களுக்கு அப்டேட் தந்தது, அதைப் பாராட்ட வேண்டும். அந்தச் சேவையும் 2025 ஜூன் 30-டன் முடிந்தது.

மொத்தத்தில், வாரன்டி அட்டையில் எழுதியிருக்கும் ஒரு வருஷம் கம்பெனியின் கணக்கு. நாம் போன் வைத்திருக்கப் போகும் நான்கு வருஷம் நம் கணக்கு. இரண்டுக்கும் இடையில் உள்ள மூன்று வருஷத்தில் அந்தக் கம்பெனி போன் தொழிலில் இருக்குமா என்பதுதான் கேள்வி.

செய்தியில் வரும் வார்த்தைகள்

“போன் சந்தைக்குள் நுழைய ஆலோசிக்கிறது” என்று வந்தால் அது பேச்சு மட்டும். ஒரு பெயரை டிரேட்மார்க் பதிவு செய்ததாக வந்தாலும் பெரிதாக எடுக்க வேண்டாம். பெயரை வேறொருவர் எடுத்துவிடாமல் இருக்கவும் பதிவு செய்வார்கள். பிஐஎஸ் பட்டியலில் மாடல் எண் தெரிந்தால் விஷயம் நிஜம், போன் எங்கோ செய்து சோதிக்கப்பட்டிருக்கிறது. யார் செய்து தருகிறார்கள் என்ற பெயர் வெளிவந்தால் இன்னும் நல்லது. எத்தனை வருஷம் அப்டேட் என்று எழுத்தில் சொன்னார்களா, எந்த ஊரில் போனுக்குச் சர்வீஸ் என்று பட்டியல் கொடுத்தார்களா என்று நான் தேடுவேன். அந்த இரண்டுக்கும் பணம் முன்கூட்டியே இறக்க வேண்டும் என்பதால், உண்மையில் தங்கப் போகிறவர்தான் அதைச் சொல்வார்.

வாஷிங் மெஷின் வந்து மாட்டிய பிறகு அதில் ஒரு குழாய் ஒழுகியது. பெரியப்பாவோடு அந்தக் கம்பெனியின் நாகர்கோவில் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். குழாயை உடனே மாற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. பெரியப்பா உட்கார்ந்திருந்தவரிடம் நேராகக் கேட்டார்: “நீங்க போன் கொண்டுவரப் போறீங்களாமே, உடைஞ்சா இங்க மாத்துவீங்களா?”

அவர் பின்னால் திரும்பி, ஏசி போர்டுகளும் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர்களும் அடுக்கியிருந்த ரேக்கைப் பார்த்தார். “எங்களுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல ஐயா” என்றார்.